கடல் நடுவே ஒரு வாளி நன்னீர்

இலட்சத்தீவுகளுக்கு முதன்முறையாகக் கப்பலில் செல்பவருக்குக் காத்திருக்கும் முதல் வியப்பு, பல தீவுகளில் கப்பல் கரையைத் தொடுவதே இல்லை என்பதுதான். கொச்சியில் ஏறியவர் பதினான்கு முதல் இருபது மணி நேரம் கடலில் கழித்துவிட்டு மேல்தளத்துக்கு வந்து பார்க்கிறார். அடிவானத்தில் பச்சைக் கோடு கிழித்தாற்போலத் தென்னைகள் தெரிகின்றன. மலையும் குன்றும் இல்லை; மேடு என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லை. தென்னைகள் கடல்நீரிலேயே வேரூன்றி நிற்கின்றனவோ என்று ஐயுறும்படி அத்தனை தாழ்வான நிலம். கப்பல் தொலைவிலேயே நின்றுவிடுகிறது. சிறு படகுகள் அருகே வந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு, நுரைத்து உடையும் அலைகளுக்கிடையே உள்ள ஒரு குறுகிய வாயில் வழியாக உள்ளே நுழைகின்றன. நுழைந்த மறுகணம் ஆட்டம் நின்றுவிடுகிறது. கருநீலமாக இருந்த கடல் இளம்பச்சையாக மாறுகிறது. படகின் கீழே மணலில் தம் நிழலைத் தாமே பார்த்துக்கொள்ளலாம், அத்தனை தெளிவு.

கப்பலை நிறுத்தியது, அலைகளை உடைத்தது, நீரின் நிறத்தை மாற்றியது ஆகிய மூன்றும் ஒரே பொருளின் வேலை. அதுவே பவழத்திட்டு. அதன் உள்ளே அடங்கிக் கிடக்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பைக் காயல் என்போம். நீர் சிவப்பொளியை விரைவில் உறிஞ்சிவிடும். நீலமும் பச்சையும் ஆழம் வரை செல்லும். காயலின் அடியில் வெண்மணல் இருப்பதால், கீழே சென்ற அந்த ஒளி மீண்டும் மேலே திரும்பி நம் கண்ணை அடைகிறது. வெளிக்கடலில் அடித்தளம் ஆயிரக்கணக்கான மீட்டர் கீழே கிடக்கிறது. அங்கிருந்து ஒளி திரும்புவதற்கு வழியில்லை.

இரண்டாவது வியப்பு தங்கும் விடுதியில் காத்திருக்கிறது. குளியலறையில் ஒரு வாளி நீர் இருக்கிறது. அதைச் சிறிது நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்பு இல்லை, அல்லது மிகச் சிறிதளவே இருக்கிறது! அரைக் கிலோமீட்டர் இந்தப் பக்கம் நடந்தாலும் கடல்; அந்தப் பக்கம் நடந்தாலும் கடல். ஆறு இல்லை, ஏரி இல்லை, ஊற்றெடுக்கும் மலையும் இல்லை. பிறகு இந்த நன்னீர் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து சென்றால் இத்தீவுகளின் பிறப்பையும் வாழ்வையும் ஓரளவு முழுமையாகவே அறிந்துகொள்ளலாம்.

சில விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். இலட்சத்தீவுகள் மொத்தம் 36. எல்லாவற்றின் நிலப்பரப்பையும் சேர்த்தாலும் 32 சதுர கிலோமீட்டர்தான். பத்துத் தீவுகளில் மக்கள் நிலையாக வாழ்கின்றனர். 2011ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கின்படி அவர்கள் 64,473 பேர். சதுர கிலோமீட்டருக்கு இரண்டாயிரத்துக்கும் மேல். நாட்டிலேயே மிகச் சிறிய ஒன்றியப் பகுதி இது. 1956 நவம்பர் முதல் நாள் வரை இத்தீவுகள் சென்னை மாநிலத்தோடு இணைந்திருந்தன என்பதை இன்று நம்மில் பலரும் மறந்துவிட்டோம். தலைநகரான கவரத்தி கொச்சியிலிருந்து சுமார் 404 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்கே செல்ல முன்கூட்டியே நுழைவு அனுமதி பெற வேண்டும். அகத்தியில் ஒரு விமான நிலையமும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். அப்போது சுற்றுலாவாகச் செல்வது ஏற்றதன்று.

கடிகாரமும் சற்றே ஏமாற்றும். நம் நாட்டு நேரம் 82½ பாகை தீர்க்கரேகையை ஒட்டிக் கணக்கிடப்படுவது. கவரத்தியோ 72½ பாகையை ஒட்டியுள்ளது. பாகைக்கு 4 நிமிடம் வீதம், அங்கே கதிரவன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் ஏறக்குறைய 12 மணி 40 நிமிடம் காட்டும். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் அந்த வேளையில் தென்னை மரத்தின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும்.

உயிர்கள் கட்டிய நிலம்

நாம் ஊரில் காணும் பாறையும் மண்ணும் எரிமலையாலோ, ஆற்று வண்டலாலோ, மலை தேய்ந்தோ உண்டானவை. கவரத்தியின் மணலில் ஒரு பிடி அள்ளி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். நம் ஆற்று மணலில் மின்னும் படிகக்கல் துகள் ஒன்றுகூட அதில் அகப்படாது. எல்லாம் பவழத் துண்டு, சிப்பி ஓடு, சுண்ணாம்பு பொதிந்த பாசியின் சிதைவு, கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களின் கூடு. அதன்மேல் ஒரு துளி எலுமிச்சைச்சாறு விட்டால் நுரைத்துப் பொங்கும். தீவு முழுவதுமே சுண்ணாம்பு. அத்தனையும் உயிர்கள் செய்தது.

பவழ உயிரி என்பது நெல்மணி அளவினதான, மென்மையான உடல் கொண்ட ஒரு சிறு விலங்கு. வாயைச் சுற்றி உணர்கொம்புகள் உண்டு. கடல்நீரில் கரைந்துள்ள பொருள்களைக் கொண்டு தன் அடியில் ஒரு சுண்ணாம்புக் கிண்ணத்தைக் கட்டி அதில் அமர்கிறது. பக்கத்தில் தன்னைப் போன்ற இன்னொன்றை மொட்டாக அரும்பச் செய்கிறது. இப்படி இலட்சக்கணக்கானவை ஒன்றோடொன்று ஒட்டி வாழும் குடியிருப்பே நாம் காணும் பவழம். உருண்டைப் பவழம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். கிளைப் பவழம் அதைப் போலப் பத்து மடங்கு விரைவாகவும் வளரக்கூடும்.

இவ்வளவு உழைப்புக்கு உணவு எங்கே? வெப்ப மண்டலத்து வெளிக்கடல் பார்வைக்கு அழகானதே தவிர, உணவுச் சத்தைப் பொறுத்தவரை அது பாலைவனம். நீர் அத்தனை தெளிவாக இருப்பதே அதில் மிதக்கும் உயிர்கள் குறைவு என்பதற்கு அடையாளம். பவழ உயிரி இதற்கு ஓர் உபாயம் கண்டுபிடித்திருக்கிறது. தன் உடலின் உயிரணுக்களுக்குள்ளேயே நுண்பாசிகளைக் குடிவைத்திருக்கிறது! பாசி ஒளிச்சேர்க்கையால் சர்க்கரை செய்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கிறது. வீட்டுக்காரரின் கழிவைத் தான் உரமாகக் கொள்கிறது. பவழத்தின் நிறமும் பெரும்பாலும் இந்தக் குடித்தனக்காரரால் வந்ததே. பாசிக்குச் சூரிய ஒளி வேண்டும் என்பதால் திட்டுக் கட்டும் பவழங்கள் ஆழமற்ற, தெளிந்த, வெதுவெதுப்பான நீரில்தான் தழைக்கும்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. ஆழமற்ற நீரில் வாழும் பவழம், ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழமுள்ள கடலின் நடுவே எப்படித் தொடங்கியது? அதுவும் ஏன் வளையம் போன்ற வடிவில்? இதற்கு விடை சொன்னவர் சார்லஸ் டார்வின். வேடிக்கை என்னவென்றால், தென் அமெரிக்கக் கரையில் இருந்தபோது, ஒரு பவழத்திட்டையும் நேரில் காணுமுன்னரே அவருக்கு இந்தக் கருத்து தோன்றிவிட்டது. 1836இல் இந்துமாக்கடலில் கோக்கோஸ் தீவுகளைக் கண்ட பிறகு, 1842இல் அதை நூலாக வெளியிட்டார். முதலில் ஓர் எரிமலை கடலுக்கு மேல் தலைநீட்டி நிற்கிறது. அதன் கரையைச் சுற்றிப் பவழம் வளர்கிறது. எரிமலை அவிந்து, தன் எடையால் கொஞ்சங் கொஞ்சமாகக் கடலுக்குள் அமிழ்கிறது. பவழமோ ஒளியைத் தேடி மேல்நோக்கி வளர்ந்துகொண்டே இருக்கிறது. கடைசியில் மலை மறைந்துவிடுகிறது. அதைச் சுற்றியிருந்த பவழ வளையம் மட்டும் எஞ்சுகிறது. மாலத்தீவு மொழியிலிருந்து வந்த சொல்லால் இதை அட்டால் என்பர். மாலத்தீவு மொழியின் உடன்பிறப்பை நம் நாட்டிலும் ஒரு தீவில் பேசுகின்றனர்; அது இலட்சத்தீவுகளின் தென்கோடியிலுள்ள மினிக்காய்.

டார்வின் சொன்னது சரியா என்று பார்க்க வளையத்தில் துளையிட்டால் போதும். அடியில் எரிமலைப் பாறை அகப்பட வேண்டும். பசிபிக் பெருங்கடலில் எனிவெட்டாக் என்ற அட்டாலில், அணுகுண்டுச் சோதனைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த அமெரிக்கர்கள் 1952இல் துளையிட்டனர். 1200 மீட்டருக்கும் கீழே, சுண்ணாம்பு முடிந்து எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. அதாவது ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தடிமனுக்கு உயிர்கள் கட்டடம் எழுப்பியிருக்கின்றன.

இலட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் தீவுகள் யாவும் கடலடியில் தெற்கு வடக்காக ஓடும் ஒரே மலைமுகட்டின் மேல் அமர்ந்தவை. தக்காணத்தின் கரும்பாறைகளை 6½ கோடி ஆண்டுகளுக்கு முன் கொட்டிய அதே அடிநெருப்பின் மேலாக இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து சென்றபோது ஏற்பட்ட தழும்பே அந்த முகடு என்பது பரவலான கருத்து. முகட்டின் வடபகுதியைப் பற்றி மட்டும் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு.

திட்டு வளர்ந்தால் மட்டும் தீவு ஆகிவிடாது. திட்டு நீர்மட்டத்தோடு நின்றுவிடும். அதன் மேல் மணல் சேர வேண்டும். பருவக்காற்றின் பேரலைகள் பவழத்தை உடைத்து ஒதுக்குகின்றன. அலையோடு மீன்களும் வேலை செய்கின்றன. கிளியின் அலகு போன்ற வாயுடைய கிளிமீன்கள், பவழத்தின் மேல் படர்ந்த பாசிக்காகச் சுண்ணாம்பையும் சேர்த்துக் கடித்து அரைத்து, வெண்மணலாக வெளியேற்றுகின்றன. பெரிய கிளிமீன் ஒன்று ஆண்டொன்றுக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணல் செய்யும். நீங்கள் காலணியைக் கழற்றிவிட்டு நடக்கும் அழகிய வெண்மணலில் ஒரு பங்கு மீனின் கழிவு என்பதை அறிந்தால் சிலருக்கு முகம் சுளிக்கும். என்ன செய்வது, உண்மை அதுதான்! இத்தீவுகளில் பெரும்பாலானவை வளையத்தின் கிழக்கு விளிம்பில் அமைந்துள்ளன. காயல் மேற்கே இருந்துகொண்டு பருவக்காற்றுக் காலத்து அலைகளைத் தாங்கிக்கொள்கிறது.

மிதக்கும் வில்லை

இனி நம் வாளிக்கு வருவோம். தீவின் மணலும் அதன் அடியிலுள்ள பவழக்கல்லும் பஞ்சு போல் நுண்துளைகள் நிறைந்தவை. பக்கத்துக் கடல்நீர் அவற்றின் வழியே தாராளமாக உள்ளே வந்து நிரம்பியிருக்கிறது. அதன் மேல் ஆண்டுக்கு ஏறத்தாழ 1600 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழைநீர் ஓடுவதற்கு வாய்க்கால் இல்லை. நேரே மணலுக்குள் இறங்குகிறது. இறங்கி, கடல்நீரோடு கலந்து கெட்டுப்போக வேண்டியதுதானே? அப்படி நடப்பதில்லை.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடித் தம்ளரில் பாதியளவு நீர் எடுத்து அதில் இரண்டு கரண்டி உப்பைக் கரையுங்கள். வேறொரு பாத்திரத்தில் நல்ல நீரில் இரண்டு சொட்டு நீல மை கலந்துகொள்ளுங்கள். உப்புநீரின் பரப்பைத் தொட்டாற்போல ஒரு தேக்கரண்டியைப் பிடித்து, அதன் மேல் மைநீரை மெல்ல மெல்ல ஊற்றுங்கள். நீல நீர் மேலே தனிப் படலமாக நிற்கும். கடல்நீரைவிட நன்னீர் எடை குறைந்தது என்பதே காரணம். தம்ளரில் அது விரைவில் கலந்துவிடும். மணலின் நுண்துளைகளில் நீர் மிக மெதுவாக நகர்வதால் கலப்பதற்கு நெடுங்காலமாகும். அதற்குள் அடுத்த மழை வந்துவிடுகிறது.

ஆக, தீவின் அடியில் கடல்நீரின் மேல் நன்னீர் மிதக்கிறது. மிதக்கும் பொருளின் பெரும்பகுதி நீருக்குள்தானே அமிழ்ந்திருக்கும்? பனிப்பாறையைப் போலவே இதுவும். நன்னீரின் அடர்த்தி 1 என்றால் கடல்நீரின் அடர்த்தி 1.025. கடல்மட்டத்துக்கு மேல் நிற்கும் நன்னீரின் உயரம் ஒரு பங்கானால், கடல்மட்டத்துக்குக் கீழே அமிழ்ந்திருப்பது 40 பங்கு என்று கணக்கிடலாம். நெதர்லாந்துப் படைப் பொறியாளர் பாடன் கைபன் 1880களின் இறுதியிலும், வடகடல் தீவுகளில் குடிநீருக்கு வழி தேடிய ஜெர்மானியர் ஹெர்ஸ்பர்க் 1901இலும் தனித்தனியே கண்ட உண்மை இது. தீவின் நடுவில் தடித்தும் கரையோரங்களில் மெலிந்தும் இருப்பதால் இது ஒரு கண்ணாடி வில்லையின் வடிவம் பெறுகிறது. எனவே நன்னீர் வில்லை என்றே பெயர்.

கணக்கு சொல்வதைவிட உண்மையான வில்லை மெலிந்துதான் இருக்கும். கடலில் நீர் ஏறி வற்றும்போதெல்லாம் தீவின் கிணற்று நீரும் சற்று ஏறி இறங்குகிறது. இந்த ஓயாத அசைவில் அடிப்பகுதி நன்னீர் கடல்நீருடன் கலந்து உவர்ப்பாகிவிடுகிறது. குடிக்கத்தக்க நீர் சில மீட்டர் தடிமன்தான். தீவின் அகலம் குறையக் குறைய அதுவும் குறையும்.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். கவரத்தியின் பரப்பு சுமார் 4 சதுர கிலோமீட்டர். அதன்மேல் ஆண்டு முழுதும் பெய்யும் மழை ஏறத்தாழ 640 கோடி லிட்டர். 2011இல் அங்கே 11,210 பேர் வாழ்ந்தனர். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 1500 லிட்டருக்கும் மேல் வருகிறது! பிறகு எப்படித் தட்டுப்பாடு? அந்த மழையில் ஒரு பெரும் பகுதியைத் தென்னைகளும் வெயிலும் மீண்டும் வானுக்கே அனுப்பிவிடுகின்றன. வில்லையில் சேர்ந்த நீரும் விளிம்புகளின் வழியே இரவும் பகலும் கடலுக்குள் கசிந்துகொண்டே இருக்கிறது. மழையில் குறை இல்லை. அதை ஏந்தி வைக்கும் கலம்தான் சிறிது, அதுவும் ஒழுகும் கலம். மழை ஓய்ந்த மாதங்களில், குறிப்பாகப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, வில்லை மெலிந்துகொண்டே வருகிறது. சுற்றுலாப் பயணிகளுக்குக் கடல் அமைதியாக வாய்ப்பதும் அதே மாதங்களில்தான்.

கயிறும் வாளியுமாக நீர் இறைத்த காலத்தில் வில்லைக்குத் தொல்லை இல்லை. மேலாக மொண்டு எடுத்தார்கள். கிணற்றுக்குக் கிணறு இடைவெளி இருந்தது. மின்சாரப் பம்பு வந்த பின் நிலைமை மாறியது. 1க்கு 40 என்ற கணக்கை இப்போது தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் விரைந்து இறைத்து நீர்மட்டத்தைப் பத்தே சென்டிமீட்டர் தாழ்த்தினால், அடியிலுள்ள கடல்நீர் அந்த இடத்தில் 4 மீட்டர் வரை கூம்புபோல் மேலெழக்கூடும். கிணறு உவர்ந்துவிடும். பம்பை நிறுத்தினால் கூம்பு உடனே இறங்குவதுமில்லை. இன்னொரு கேடும் உண்டு. குடிநீர்க் கிணறும் கழிவுநீர்த் தொட்டியும் ஒரே கொல்லையில், துளைகள் நிறைந்த ஒரே மணலில் இருக்கின்றன. நெருக்கமாக வீடுகள் கட்டிய இடத்தில் ஒன்றின் நீர் மற்றொன்றை எட்டுவதற்கு அதிக நாள் ஆகாது.

ஆழ்கடலின் குளிர் தரும் குடிநீர்

இதற்கு மாற்றுவழி தேடியவர்கள் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் பொறியாளர்கள். 2005இல் கவரத்தியில் அவர்கள் அமைத்த நிலையம் நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் திறன் கொண்டது. அதன் தத்துவம் அழகானது. நீர் 100 பாகையில் கொதிக்கும் என்று படித்திருக்கிறோம். உதகமண்டலத்தில் காற்றழுத்தம் குறைவு. அங்கே ஏறக்குறைய 93 பாகையிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தை இன்னும் குறைத்துக்கொண்டே போய், வழக்கமான காற்றழுத்தத்தில் முப்பதில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்தால், 28 பாகை வெப்பமுள்ள சாதாரணக் கடல்நீரே கொதித்து ஆவியாகும்! அடுப்பு வேண்டாம். காற்றை வெளியேற்றிய ஒரு பெரிய அறைக்குள் மேற்பரப்புக் கடல்நீரைச் செலுத்துகின்றனர். அதில் நூற்றில் ஓரிரு பங்கு ஆவியாகிறது. அந்த ஆவியைக் குளிர்விக்க, சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து 12, 13 பாகையிலுள்ள குளிர்நீரைக் குழாய் வழியே மேலே கொண்டுவருகின்றனர். ஆவி குளிர்ந்து நன்னீராகிறது.

கடலடி செங்குத்தாக இறங்கும் அட்டாலில்தான் இது எளிது; கரையிலிருந்து சில நூறு மீட்டரிலேயே அந்த ஆழம் கிடைத்துவிடும். சென்னைக் கரை அப்படியன்று. 2007இல் இதே முறையை நாளுக்கு 10 இலட்சம் லிட்டர் அளவில் சோதித்தபோது, ஒரு மிதவைக் கலத்தில் கருவிகளை ஏற்றிக்கொண்டு சுமார் 40 கிலோமீட்டர் கடலுக்குள் செல்ல வேண்டியிருந்தது. 2011இல் மினிக்காயிலும் அகத்தியிலும், பின்னர் வேறு சில தீவுகளிலும் இத்தகைய நிலையங்கள் எழுந்தன.

நிலையம் வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்று கேட்கலாம். ஒரு இலட்சம் லிட்டரைக் கவரத்தியின் மக்கட்தொகையால் வகுத்தால் ஆளுக்கு 9 லிட்டர்கூட வரவில்லை. குடிக்கவும் சமைக்கவும் அது போதும். குளிக்கவும் துவைக்கவும் பழைய வில்லைதான். தவிர, ஒரு குடம் நன்னீருக்காக நூறு குடம் கடல்நீரை இயந்திரங்கள் தள்ள வேண்டும். அதற்கான மின்சாரத்தில் பெரும்பகுதி, கப்பலில் கொண்டுவரும் டீசலை எரித்துப் பெறுவது. ஆகவே கூரையில் விழும் மழைநீரைத் தொட்டிகளில் சேர்க்கும் முறையையும் தீவினர் கைவிடவில்லை. எளிய முறைதான், ஆனால் என் எண்ணத்தில் மூன்றிலும் நம்பகமானது அதுவே.

வெளுக்கும் பவழம்

இதுவரை சொன்னவற்றை ஒரு சங்கிலியாகக் கோத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். நன்னீர் வில்லைக்குத் தீவின் அகலம் வேண்டும். தீவுக்கு மணல் வேண்டும். மணலுக்குப் பவழம் வேண்டும். பவழத்திட்டு வெறும் மணல் ஆலை மட்டுமன்று. தன்மேல் மோதும் அலையின் ஆற்றலில் சராசரியாக 97 விழுக்காட்டை அது அடக்கிவிடுவதாக உலகின் பல திட்டுகளை ஆராய்ந்தவர்கள் கண்டுள்ளனர். அந்தச் சுவர் தேய்ந்தால், தீவு கடலுக்கு நேர் எதிரே நிற்கும். பங்காரம் அட்டாலில் பரளி எனப்படும் மக்களற்ற சிறு திட்டுகளில் ஒன்று முற்றிலும் அரித்துப்போய்விட்டது என்று 2017இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

பவழத்துக்கு இன்று நேர்ந்துள்ள துன்பம் வெப்பம். வழக்கமான கோடைக்கால உச்சத்துக்கு மேல் ஒரே ஒரு பாகை கூடி, அந்த நிலை நான்கைந்து வாரம் நீடித்தால் போதும். உள்ளே குடியிருக்கும் பாசியின் ஒளிச்சேர்க்கை சீர்குலைகிறது. பவழ உயிரி அதை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய்ப் பவழம் வெள்ளெலும்பு போல் நிற்கிறது. வெளுத்த பவழம் உடனே இறந்துவிடுவதில்லை. வெப்பம் தணிந்தால் பாசி திரும்பிவரும். தணியாவிட்டால் பட்டினிதான். இலட்சத்தீவுகளில் 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் பெருமளவில் வெளுத்தல் நிகழ்ந்தது. அகத்தி, கடமத், கவரத்தி ஆகிய மூன்று அட்டால்களை இருபத்து நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள், 1998இல் சுமார் 37 விழுக்காடாக இருந்த உயிருள்ள பவழப் பரப்பு 2022இல் 19 விழுக்காட்டளவுக்கு இறங்கிவிட்டதைக் கண்டனர். ஒவ்வொரு முறையும் பவழம் மீண்டு வளரவே செய்தது. மீள்வதற்கு வேண்டிய கால இடைவெளிதான் கிடைக்கவில்லை.

இன்னொரு பக்கம் கடல்மட்டம் ஏறுகிறது. செயற்கைக் கோள்கள் அளக்கத் தொடங்கிய 1993 முதல் உலகச் சராசரி ஆண்டுக்கு 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அண்மைப் பத்தாண்டில் 4 மில்லிமீட்டருக்கும் மேல். உயிருள்ள திட்டு இந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து உயர்ந்துவிடக்கூடும். டார்வின் சொன்ன கதையே அதுதான் அல்லவா? செத்த திட்டால் முடியாது. கடல் ஒரு முறை நிலத்தின் மேல் ஏறி வடிந்தாலும், மேலிருந்து இறங்கும் உப்பு வில்லையைக் கெடுத்துவிடும். பல மழை பெய்தால்தான் அது தெளியும். 1847இல் கல்பேனி, ஆந்த்ரோத்து தீவுகளின் மேல் புயலோடு கடல் ஏறியது. 2017 டிசம்பரில் ஒக்கிப் புயலும் இத்தீவுகளின் வழியே சென்றது.

செல்பவர் கவனத்துக்கு

2024 ஜனவரியில் பிரதமர் அங்குச் சென்று வந்த பிறகு, இலட்சத்தீவைக் காணும் ஆவல் நாடெங்கும் பெருகியிருக்கிறது. செல்வதில் தவறில்லை. தீவினர் பலருக்கு அது வருவாய். வாய்ப்புள்ளவர்கள் செல்ல வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் விடுதியில் பூஞ்சாரல் குழாயைத் திறந்துவைத்துப் பத்து நிமிடம் நின்றால் 80 முதல் 100 லிட்டர் போய்விடும். வாளியில் மொண்டு குளித்தால் 20 லிட்டரே போதும். கவரத்தி நிலையம் ஆளுக்குத் தரும் 9 லிட்டரை நினைவில் வைத்துக்கொண்டால் எதைச் செய்வது என்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீர் வற்றும் நேரத்தில் திட்டின் மேல் நடந்து பார்க்கப் பலரும் ஆசைப்படுவர். கால் வைக்கும் இடம் மணலா, உயிருள்ள பவழமா என்று பார்த்து வையுங்கள். பத்து ஆண்டு வளர்ச்சி ஒரு மிதியில் நொறுங்கிவிடும். பார்ப்பதற்கு எளிய வழி, முகக் கண்ணாடி அணிந்து நீரின் மேல் மிதந்தபடி குனிந்து நோக்குவது. கிளிமீன் பவழத்தைக் கடிக்கும் ஓசை நீருக்குள் நன்றாகவே கேட்கும். வெள்ளையாகத் தெரியும் பவழம் எல்லாம் செத்ததல்ல. அருகே சென்று பாருங்கள், பச்சைப் பாசி படர்ந்திருந்தால் அது இறந்தது. கண்ணாடிபோல் தசை மூடியிருந்தால் இன்னும் உயிரோடு இருக்கிறது.

நினைவுப் பொருளாகப் பவழத் துண்டை எடுத்துவருவது பழைய வழக்கம். கல்பவழங்கள் யாவும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் புலிக்கு நிகரான காப்புப் பெற்றவை. கரையில் செத்துக் கிடப்பதாயினும் எடுத்துவரக் கூடாது. அதற்குப் பதில் நல்லதொரு பொருளை விலைகொடுத்தே வாங்கி வரலாம். காயலில் திரியும் சிறு மீன்களை உயிரோடு பிடித்துச் சென்று, வெளிக்கடலில் அவற்றை இரையாக வீசிச் சூரை மீன்களைக் கூட்டமாக வரவழைத்து, தூண்டிற்கழியால் ஒவ்வொன்றாகப் பிடிப்பது தீவினரின் தொழில். வலை வீசி வாரும் பழக்கம் இல்லாததால் சூரை வளம் குன்றவில்லை. ஆனால் அந்தச் சிறு மீன்களுக்குக் காயலும் பவழமும் வேண்டும். பிடித்த சூரையை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் கட்டைபோல் உலர்த்துவார்கள். மினிக்காய் மொழியில் மஸ் என்றால் மீன். நம் தென்கடற்கரை வீடுகளில் இடித்துச் சம்பல் செய்யும் மாசிக் கருவாடு இதுதான்.